முட்டுக்கால்களைப் பிரிக்கும் முன்: கான்கிரீட் முதிர்ச்சி சென்சார் பற்றிய மதிப்புரை

கட்டப்பட்டுவரும் அடுக்குமாடிக் கட்டடமொன்றில் எடுக்கப்படும் முடிவுகளிலேயே மிகவும் ஆபத்தானது எது என்று கேட்டால், புதிதாக ஊற்றிய தளத்தின் அடியில் நிற்கும் முட்டுக்கால்களை எந்த நாளில், எந்த நேரத்தில் பிரிப்பது என்ற முடிவுதான் என்று தயங்காமல் சொல்வேன். தூண்களின் கணக்கை வடிவமைப்பாளர் பல மாதங்கள் உட்கார்ந்து போடுகிறார். அதை இன்னொரு பொறியாளர் சரிபார்க்கிறார். முட்டுக்கால்களைப் பிரிக்கும் முடிவோ பல பணியிடங்களில், மேல்மாடிக்குப் பலகையும் கால்களும் தேவைப்படுகின்றன என்ற அவசரத்தில், “ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று?” என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்பி எடுக்கப்படுகிறது. கான்கிரீட் நாட்களை எண்ணி வலுப்பெறுவதில்லை; சிமெண்டும் நீரும் வினைபுரியும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், குளிரில் கிடந்த நான்கு நாளும் வெதுவெதுப்பில் கிடந்த நான்கு நாளும் அதற்கு ஒன்றல்ல.

அந்த வெப்பநிலையைத் தளத்தின் உள்ளிருந்தே அளந்து, அதன் வழியாக வலிமையைக் கணித்துச் சொல்லும் கருவியே கான்கிரீட் முதிர்ச்சி சென்சார். உத்தரங்கள் இல்லாமல் தூண்கள்மீது நேரடியாக அமரும் தட்டைத் தளங்கள் கொண்ட பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்தாம் மாடியிலிருந்து கூரை வரை ஒவ்வொரு தளத்திலும் இதைப் பதித்துப் பயன்படுத்தினோம். முட்டுக்கால்களைப் பிரிப்பதற்கான அனுமதித் தாளில் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையதாக இருந்ததால், இந்தக் கருவியோடு ஏறத்தாழ ஓராண்டு மிக நெருக்கமாகப் பழக நேர்ந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

இந்தக் கருவியின் மதிப்பு புரிய வேண்டுமானால், அது தோன்றக் காரணமான விபத்துகளிலிருந்து தொடங்க வேண்டும். 1973ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில், ஸ்கைலைன் பிளாசா வளாகத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் 24ஆம் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதே வேளையில், இரண்டு மாடிகளுக்குக் கீழே, 22ஆம் தளத்துக்கும் 23ஆம் தளத்துக்கும் இடையில் நின்ற முட்டுக்கால்கள் அகற்றப்பட்டுக்கொண்டிருந்தன. தன் எடையோடு, மேலே ஊற்றப்படும் ஈரக் கான்கிரீட்டின் எடையையும் தாங்க வேண்டியிருந்த 23ஆம் தளம் தூண்களைச் சுற்றிப் பொத்துக்கொண்டு இறங்கியது. அது 22ஆம் தளத்தின்மீது விழ, அது அடுத்ததன்மீது விழ, சரிவு தரைவரை சென்றது. பக்கத்தில் கட்டப்பட்டுவந்த வாகன நிறுத்தக் கட்டடமும் சேர்ந்து சரிந்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பஞ்சிங் ஷியர் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்த முறிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தளம் வளைந்து முறியும்போது கீழ்ப்புறம் வெடிப்பு ஓடும், நடுப்பகுதி தொய்யும், கதவுச் சட்டம் இறுகும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஓடிவிட நேரம் கிடைக்கலாம். தூண் தளத்தைத் துளைக்கும் முறிவில் அத்தகைய முன்னறிவிப்பு மிகக் குறைவு. தூணைச் சுற்றிய கான்கிரீட் கூம்பு வடிவில் தனியே பிரிந்து தூணோடு நின்றுவிட, மீதித் தளம் அப்படியே கீழே இறங்குகிறது. ஒரு தூண் சுமந்த பாரம் நொடிப்பொழுதில் பக்கத்துத் தூண்களுக்கு மாறுவதால் அவற்றைச் சுற்றியும் தளம் பொத்துக்கொள்கிறது. இந்த முறிவைத் தடுப்பது பெரும்பாலும் கான்கிரீட்டின் சொந்த வலிமைதான். இளம் கான்கிரீட்டிடம் இல்லாததும் அதுதான்.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகம், முட்டுக்கால்கள் உரிய காலத்துக்கு முன்பே அகற்றப்பட்டதையும் 23ஆம் தளத்தின் கான்கிரீட் போதிய வலிமை பெறாதிருந்ததையும் சுட்டிக்காட்டியது. அந்தத் தளத்துக்கு அப்போது நான்கு நாள் வயது. அந்த நாட்களின் சராசரிக் காற்று வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ். இப்போது முதிர்ச்சிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிக எளிய வடிவில், கான்கிரீட்டின் வெப்பநிலையை அது கடந்த மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவதுதான் முதிர்ச்சி. வினை நின்றுபோகும் அடிப்படை வெப்பநிலையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டால், 96 மணி நேரத்தை 7ஆல் பெருக்க 672 பாகை-மணி வருகிறது. ஆய்வகத்தில் 23 பாகையில் வைக்கப்பட்ட கான்கிரீட் அதே 672ஐ எட்ட ஏறத்தாழ 29 மணி நேரம் போதும். கான்கிரீட் தானே வெளியிடும் வெப்பத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை என்பதால் இது தோராயமானதே. ஆனாலும், நாள்காட்டி நான்கு நாள் என்று காட்டிய தளம், வலிமையில் ஒன்றேகால் நாள் குழந்தையைப் போலத்தான் இருந்திருக்கும் என்பதை இந்த ஒரு பெருக்கல் காட்டிவிடுகிறது. இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் நிகழ்ந்தது இதைவிடப் பெரிய துயரம். அங்கே எழும்பியது குடியிருப்பன்று, மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம். சாரமும் பலகையும் தரையிலிருந்து முட்டுக்கொடுக்கப்படாமல், ஏற்கெனவே ஊற்றிய கோபுரச் சுவரிலேயே பூட்டப்பட்டிருந்தன. முந்திய நாள் ஊற்றிய 28ஆம் அடுக்கு 10 பாகைக்கும் குறைவான குளிரில் ஒரு நாள் மட்டுமே கிடந்திருந்த நிலையில், அடுத்த அடுக்குக்கான கான்கிரீட் ஏற்றப்பட்டது. 28ஆம் அடுக்கு பெயர்ந்தது. சாரம் முழுவதும் சுற்றிலும் உரிந்துகொண்டு விழுந்தது. அதன்மீது நின்ற 51 பேரும் இறந்தார்கள். இதற்கு முன் 1971 ஜனவரி 25 அன்று பாஸ்டன் நகரின் காமன்வெல்த் அவென்யூவில் கட்டப்பட்டுவந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கூரைத் தளம் தூணைச் சுற்றிப் பொத்துக்கொண்டு, பெரும்பகுதி சரிந்து நால்வர் இறந்திருந்தார்கள். அந்தக் கான்கிரீட் ஊற்றி 47 நாள் ஆகியும், 28 நாளில் எட்டியிருக்க வேண்டிய வலிமையை எட்டியிருக்கவில்லை.

முதிர்ச்சி என்ற கருத்து அதற்கும் முந்தியது. இங்கிலாந்தில் சால் என்ற ஆய்வாளர் 1951இலேயே அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார். ஆனால் அது கட்டுமானப் பணியிடத்துக்கு வந்துசேர, மேலே சொன்ன விபத்துகளை ஆராய்ந்தவர்கள் இளம் கான்கிரீட்டின் வலிமையைக் கணிக்க வழி தேடிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 1987இல், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் சி 1074 என்ற தர நெறியாக அது வெளிவந்தது. இன்று விற்பனைக்கு வரும் சென்சார்கள் பெரும்பாலும் அந்த நெறியையே அடிப்படையாகக் கொண்டவை.

இனிக் கருவிக்கு வருகிறேன். நாங்கள் பயன்படுத்தியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து நீளும் கம்பியின் முனையில் வெப்பம் உணரும் பகுதி இருக்கிறது. பெட்டியைத் தளத்தின் மேல்வரிசை இரும்புக் கம்பியில் கட்டிவிட்டு, உணரும் முனையைத் தளத்தின் தடிமனில் நாம் விரும்பும் ஆழத்தில் நிறுத்தலாம். கம்பி கட்டுபவர்கள் ஒரே நாளில் இதைக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றைப் பொருத்த ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. கான்கிரீட் ஊற்றிய பிறகு கைபேசியுடன் தளத்தின்மீது நடந்தால், பதிவான வெப்பநிலை முழுவதும் ப்ளூடூத் வழியாகச் செயலிக்கு வந்துசேர்கிறது. தர நெறி, முதல் 48 மணி நேரத்துக்கு அரைமணிக்கு ஒருமுறையாவது பதிவு வேண்டும் என்கிறது. எங்கள் கருவி அதைத் தவறாமல் செய்தது. பதித்தவற்றில் ஒரு சில, கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரின் ஊசி பட்டதாலோ என்னவோ, ஊமையாகிவிட்டன. எனவே முக்கியமான இடங்களில் இரண்டிரண்டாகப் பதித்தோம். வாங்குபவர்கள் அதற்கும் சேர்த்தே எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். பெட்டியை மேற்பரப்புக்கு நெருக்கமாக வைக்காவிட்டால் சமிக்ஞை வெளியே வருவதில்லை என்பதையும் ஒரு தளத்தில் இழந்துதான் அறிந்தோம்.

எங்கே பதிப்பது என்பதில்தான் பயனர் கையேடு மிகவும் பின்தங்கியிருக்கிறது. தளத்தின் நடுவில், எளிதில் எட்டும் இடத்தில் பதிக்கும் படத்தை அது போட்டிருக்கிறது. நடுப்பகுதியில் கான்கிரீட்டின் சொந்த வெப்பம் தங்கும்; ஓரங்களிலும் மூலைகளிலும் காற்று பட்டு அது விரைவில் குளிர்ந்துவிடும். எங்கள் ஒன்பதாம் தளத்தில், ஒரே விடியற்காலையில், நடுவிலிருந்த சென்சார் 17 பாகையும், வடக்கு மூலைத் தூணருகே இருந்தது 9 பாகையும் காட்டின. வெட்டு விசை மிகுதியாக இருப்பது தூணருகில்தான். கடைசியாக ஊற்றப்பட்டு வயதில் இளையதாக இருந்ததும் அந்த மூலைதான். நடுவில் மட்டும் பதித்திருந்தால் அந்த வேறுபாடு எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். அன்று வடிவமைப்பாளர் முட்டுக்கால்களைப் பிரிக்கத் தேவை என்று எழுதிக்கொடுத்திருந்த வலிமை 22 மெகாபாஸ்கல் (கான்கிரீட்டின் வலிமையைச் சொல்லும் அலகு). நடு சென்சார் அதைத் தாண்டியிருந்தது. மூலை சென்சார் 15ஐக்கூட எட்டவில்லை. சென்ட்ரிங் மேஸ்திரி, “போன மாடியில் இதே நாளில்தானே பிரித்தோம், சார்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி; போன மாடி ஊற்றிய வாரத்தில் குளிர் இல்லை. இரண்டு வரைகோடுகளையும் கைபேசியில் அவருக்குக் காட்டியபோது, நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பினார். கால்கள் மேலும் இரண்டரை நாள் நின்றன. இந்தக் கருவிக்கு வேறு எந்தப் பயனும் இல்லாவிட்டாலும், அந்தக் காலைப்பொழுது ஒன்றுக்காகவே அதைப் பரிந்துரைப்பேன்.

பணியிடத்துக் கியூப்களை, அதாவது அதே கான்கிரீட்டில் சோதனைக்காக வார்க்கும் கனசதுரங்களை, உடைத்துப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கியூப்களைச் சீரான வெப்பநிலையில் நீர்த்தொட்டிக்குள் வைத்து வளர்க்கிறோம். தளமோ இரவுக் காற்றில் திறந்து கிடக்கிறது. தொட்டியில் வளர்ந்த கியூப், அனுப்பப்பட்ட கான்கிரீட் கலவை நல்லதா என்பதைச் சொல்லும். மேலே கிடக்கும் தளம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எங்கள் தொழிலில் மிகப் பரவலான தவறு.

இந்தக் கருவியிடம் எனக்குள்ள பெரிய மனக்குறையை இப்போது சொல்லியாக வேண்டும். சென்சார் அளப்பது வெப்பநிலையை மட்டுமே. வலிமையை அது அளப்பதில்லை. வெப்பநிலையிலிருந்து வலிமைக்குப் போகும் பாலம், அந்தக் குறிப்பிட்ட கலவைக்கென ஆய்வகத்தில் முன்கூட்டியே வரையப்படும் வளைகோடு. அதற்குக் குறைந்தது 15 மாதிரிகளை வார்த்து, 1, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் உடைத்து, உடன் வார்த்த வேறு மாதிரிகளில் பதித்த சென்சார்களின் முதிர்ச்சியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கென்று செயலியில் “பொதுக் கலவை” என்ற பெயரில் ஆயத்த வளைகோடு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. திரையில் பெரிய எழுத்தில் ஒரு தசம இடம் வரை வலிமை தோன்றுகிறது. இலக்கைத் தாண்டியதும் பச்சை நிறமாகிறது. யாருடைய கலவைக்கோ வரைந்த கோட்டைக்கொண்டு காட்டப்படும் அந்தப் பச்சை, நாட்களை எண்ணும் பழைய வழக்கத்தைவிடக் கொடியது. ஏனென்றால் நாட்களை எண்ணுபவருக்குத் தான் ஊகிக்கிறோம் என்பதாவது தெரியும்.

எங்களிடம் சொந்த வளைகோடு இருந்தும் ஒருமுறை ஏமாற இருந்தோம். பதினோராம் தளத்துக்கு வந்த கான்கிரீட்டில், கலவை வழங்குபவர் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்த்திருந்தார். எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லை. சாம்பல் மிகுந்த கலவை இறுதியில் நல்ல வலிமை பெறும் என்றாலும் தொடக்க நாட்களில் மெதுவாகவே வளரும். சென்சார் பழைய வளைகோட்டின்படி 22ஐத் தாண்டிவிட்டதாகக் காட்டியது. நல்லவேளையாக, தர நெறி வற்புறுத்துவதுபோல, முட்டுக்கால்களைப் பிரிக்கும் முன் வேறொரு சோதனையும் செய்யும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை. தளத்தில் முன்பே பதித்து வைத்த உலோகச் செருகியை இழுத்துப் பிடுங்கி, அதற்குத் தேவைப்பட்ட விசையிலிருந்து வலிமையை அறியும் சோதனை அது. மூன்று இடங்களில் இழுத்தோம். மூன்றும் 17க்குக் கீழே நின்றன. அனுமதித் தாளை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, கலவைச் சீட்டில் ஒரு வரி மாறியிருந்தாலும் சென்சாரின் எண்ணைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். லாரியில் யாரேனும் கூடுதலாகத் தண்ணீர் சேர்த்தாலும் இதே கதைதான்: வெப்பநிலைக் கோட்டில் பெரிய மாற்றம் தெரியாது, வலிமை மட்டும் குறைந்திருக்கும்.

வெப்பமான காலத்திலும் ஒரு கவனம் தேவை. தொடக்கத்திலேயே மிகுந்த சூட்டில் வளர்ந்த கான்கிரீட் முதல் நாட்களில் விரைந்து வலுப்பெற்றாலும், நீண்டகால வலிமையில் பின்தங்கிவிடும். எளிய முதிர்ச்சிக் கணக்குக்கு அது தெரியாது. எனவே முதல் ஒரு வாரத்துக்கு அப்பால் இந்த எண்ணை நம்பிப் பேசுவதை நான் தவிர்க்கிறேன்.

கருவி சொல்லாத இன்னொரு பாதியும் இருக்கிறது. தளத்தின் வலிமை எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதன்மீது வரப்போகும் பாரம் எவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. கிரண்டி, கபைலா என்ற இரு பொறியாளர்கள் 1963இலேயே காட்டியபடி, பல மாடிகளுக்கு முட்டுக்கால்கள் தொடர்ந்து நிற்கும் கட்டடத்தில், கட்டுமானத்தின்போது ஒரு தளத்தின்மீது அதன் சொந்த எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பாரம் இறங்கக்கூடும். குடியிருப்பவர்களுக்காகக் கணக்கிட்ட பாரத்தையே அது மிஞ்சிவிடுவதுண்டு. எத்தனை மாடிக்கு முட்டுக்கால், எத்தனை மாடிக்கு மறுமுட்டு (பிரித்த பின் மீண்டும் நிறுத்தும் கால்கள்), எந்த வரிசையில் பிரிப்பது என்பதையெல்லாம் தாளில் கணக்கிட்டுக் கையெழுத்திட்டாக வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத இடத்தில், 22 என்று திரை காட்டினால் எதற்கு 22 என்று யாரும் சொல்ல முடியாது.

1981 மார்ச் 27 அன்று ஃபுளோரிடாவின் கோகோ பீச்சில் ஹார்பர் கே என்ற ஐந்து மாடிக் குடியிருப்பு, கூரைத் தளம் ஊற்றும்போது இடிந்து 11 பேர் இறந்த விபத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே தளங்களுக்குத் துளைப்பு முறிவுக் கணக்கே போடப்படவில்லை. போதாததற்கு, மேல்வரிசைக் கம்பிகளைத் தாங்கிய தாங்கிகள் உயரம் குறைந்தவையாக இருந்ததால் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே அமர்ந்துவிட்டன. அத்தகைய கட்டடத்தில் ஆயிரம் சென்சார்களைப் பதித்தாலும் அவை உரிய நேரத்தில் பச்சையாகியிருக்கும், தளமும் விழுந்திருக்கும்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு வாங்குபவர்களுக்கு இது மிக நல்ல கருவி என்பதே என் கருத்து. தட்டைத் தளம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து சென்சார்களை வையுங்கள். அவற்றுள் நான்கு தூண்களின் அருகிலும் குளிர் மிகுந்த ஓரத்திலும் இருக்கட்டும். சொந்தக் கலவைக்கு வளைகோடு வரைய ஆகும் ஒரு மாதத்தை, முதல் தளம் ஊற்றுவதற்கு முன்பே கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். இழுவிசைச் சோதனைக்கான செருகிகளையும் சென்சார்களோடு சேர்த்தே வாங்குங்கள். குளிர்ப் பருவத்தில் பணி நடக்கும் உயரமான கட்டடங்களுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது.

தயாரிப்பாளருக்கு இரண்டு கோரிக்கைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். வலிமை எண்ணுக்குப் பக்கத்தில், அது எந்தக் கலவையின் வளைகோட்டிலிருந்து, எந்த நாளில் வரையப்பட்டதிலிருந்து வந்தது என்பதை அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும் என்பது ஒன்று. “பொதுக் கலவை” என்ற அந்த ஆயத்த வளைகோட்டைச் செயலியிலிருந்து முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் எழுதினார்கள். இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை தொடர்ந்து எழுதுவேன்.